அப்பாவின் ஆறு மா

எங்கள் வீட்டு அலமாரியில் தடித்த நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் அம்மாவின் கையெழுத்தில் 'பால் கணக்கு' என்று எழுதியிருக்கும். முதல் நான்கு பக்கமும் பால் கணக்குத்தான். ஐந்தாம் பக்கத்திலிருந்து அப்பா.

"காலை 5.45 ஸ்ட்ராபெரி. 9.45 அறுப்பு. 10 – 12 கரண்ட் இல்லை. 12.15 நெல். ராத்திரி 12.15க்கு விளையும். முழிக்க முடியாது. காலையில் பார்க்கணும்."

இப்படியே பக்கம் பக்கமாகப் போகும். தேதி, நேரம், என்ன போட்டது, எப்போது அறுத்தது, முடிந்ததற்கு ஒரு டிக். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வெல்டராக இருந்தவர். 2010-இல் ஓய்வு பெற்றார். செய்த வேலையை எழுதி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த நோட்டில் இருக்கும் விவசாயம் முழுவதும் வில்லிவாக்கத்தில், இரண்டாவது மாடியில், ஜன்னலோரமாக இருந்த கம்ப்யூட்டருக்குள் நடந்தது. ஃபார்ம்வில் விளையாட்டை அந்தக் காலத்தில் ஃபேஸ்புக்கில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009 ஜூனில் வந்தது. 2010 தொடக்கத்திலேயே மாதம் எட்டு கோடிப் பேருக்கு மேல் அதில் உழுதுகொண்டிருந்தார்கள். பாத்தியை உழுது விதை போட வேண்டும். ஸ்ட்ராபெரிக்கு நான்கு மணி நேரம், நெல்லுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நேரத்துக்கு அறுக்காமல் விட்டால் வாடிப்போகும். என் தங்கைதான் அவருக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள், ஓய்வு பெற்ற மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று.

நான் அப்போது தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, பறக்கும் ரயில், மின்சார ரயில் என்று மாறி வீட்டுக்கு வந்தால் அப்பாவும் திரை முன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அப்பா, இது எல்லாமே பொய். அங்க மண்ணும் இல்ல, தண்ணியும் இல்ல. இதுக்காக அஞ்சரை மணிக்கு அலாரம் வச்சு எந்திரிக்கிறீங்களே?"

அவர் திரும்பாமலே சொன்னார்: "மண்ணு பொய்தான் தம்பி. எந்திரிக்கிறது நெசம்தான?"

அன்றைக்கு அது எனக்குப் பதிலாகவே படவில்லை.

அப்பாவுக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். காவிரியின் கடைமடை. ஆறு மா நிலம் இருந்தது. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு, ஆக இரண்டு ஏக்கர். அப்பா சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு சித்தப்பா பார்த்துக்கொண்டார். 1998-இல் அத்தையின் கல்யாணத்துக்கு அதை விற்றோம். விற்ற அன்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசியதில்லை. வீட்டில் அந்த நிலத்தைப் பற்றி யாரும் எடுக்கக்கூடாது என்பது சொல்லாமலே வந்த வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவருக்குக் காபி கொண்டுபோய் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையை உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"என்னங்க, இது நம்ம களத்துமேட்டு நிலம்ல?"

நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். அதுவரை எனக்கு அது பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்த ஒரு படம், அவ்வளவுதான். அம்மா விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கிழக்கே வரப்பை ஒட்டி ஐந்து தென்னை. ஈசானி மூலையில் குட்டை. மேற்கே மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு சின்னக் கொட்டகை. தெற்குப் பக்கம் பாத்தியே போடாமல் ஒரு நீள இடம். வாய்க்கால் ஓடிய இடம் அது. அந்த விளையாட்டில் அங்கே பாத்தி போட்டால் கூடுதல் காசு வரும். அப்பா போடவில்லை. வாய்க்காலில் எவனாவது பயிர் வைப்பானா?

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காபியை எடுத்துக் குடித்தார். அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு வருடம் கழித்து அந்த இரண்டு பேரும் அந்த நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். "அந்த மூணாவது தென்னை இன்னும் கொஞ்சம் சாஞ்சு நிக்கும்" என்றார் அம்மா. "இதுல சாய்க்க முடியல" என்றார் அப்பா.

'விர்ச்சுவல்' என்பதற்குத் தமிழில் 'மெய்நிகர்' என்று சொல்கிறோம். யார் முதலில் சொன்னார்களோ, நல்ல சொல். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். உண்மைக்கு நிகரானது என்றும் எடுத்துக்கொள்ளலாம், உடம்புக்கு நிகரானது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த உலகங்களுக்குள் நாம் பொய்யாகப் போவதில்லை. உடம்பை மட்டும் நாற்காலியில் விட்டுவிட்டு மிச்சம் அத்தனையோடும் போகிறோம். கவனம், பொறுமை, பாசம், பொறாமை, ஞாபகம் எல்லாம் கூடவே வருகின்றன.

இது எங்கள் மண்ணில் பழைய கதை. கூடு விட்டுக் கூடு பாய்தல். திருமூலர் கதை தெரியாதவர்கள் குறைவு. திருவாவடுதுறைப் பக்கம் சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவன் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து கதறுகின்றன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் வழியில் போன யோகியார் அவன் உடம்புக்குள் புகுந்து எழுந்திருக்கிறார். மாடுகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டும் போய்விடுகிறார். உள்ளே இருப்பது யார் என்று மாடுகள் கேட்கவில்லை. மேய்த்தவர் யாராக இருந்தாலும் மேய்ந்தது மேய்ந்ததுதான். வாசலில் வந்து நின்ற மூலனின் மனைவிக்குத்தான் அது தீராத சிக்கலாகிவிட்டது. இந்தக் கதையில் நான் யார் பக்கம் என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. மாடுகளின் சந்தோஷமும் மெய், அந்தப் பெண்ணின் அழுகையும் மெய்.

கணினிக்குள் பலர் சேர்ந்து வாழ்கிற உலகம் 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. படமே கிடையாது, வெறும் எழுத்து. எட்டு வருடம் கழித்து லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் 'ஹேபிடட்' வந்தபோது திரையில் நமக்காக நடக்கும் உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர் வைத்தார்கள். நம் அவதாரம்தான். இறங்கி வருவது என்று பொருள். அமெரிக்காக்காரர்கள் பெயர் தேடியபோது இந்தச் சொல்லில் வந்து நின்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி, கொரோனாக் கட்டுப்பாடு இருந்ததால், வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்ற இணைய உலகத்தில் நடத்தியது செய்தியாக வந்தது. மாப்பிள்ளை இங்கே ஐஐடி மெட்ராஸில் வேலை பார்த்தவர். செய்தித்தாள்கள் எல்லாம் புதுமை, தொழில்நுட்பம் என்று எழுதின. என்னை நிறுத்தியது வேறு. பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு முந்தின வருடம் இறந்துபோயிருந்தார். அவரையும் அதில் ஓர் உருவமாக வரவைத்திருந்தார்கள். படித்துவிட்டு அலுவலகத்திலேயே சற்று நேரம் வேலை ஓடவில்லை. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் இறந்தவர்களுக்குப் படையல் போட்டுத்தானே ஆரம்பிக்கிறோம்? புடவை, வேட்டி வைத்து, அவர்கள் வந்து எடுத்துக்கொள்வதாக நினைத்துக்கொள்கிறோமே! அந்தப் பெண் செய்ததும் அதைத்தான்.

நார்வேயில் மட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன். டூஷேன் என்ற தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலி. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராமல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை விளையாடிக்கொண்டே இருந்தான். 2014-இல் இருபத்தைந்து வயதில் இறந்துவிட்டான். நண்பர்களே இல்லாமல், காதல் தெரியாமல், யாருக்கும் எதுவும் செய்ய வாய்ப்பில்லாமல் போய்விட்டானே என்றுதான் அப்பா அம்மாவின் கவலை. மகனின் வலைப்பதிவில் அவன் இறந்த செய்தியை எழுதித் தங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார்கள். கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. இபெலின் என்ற பெயரில் அவன் எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான், எத்தனை பேர் சண்டையைத் தீர்த்து வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் பெற்றவர்களுக்குத் தெரிந்தது. அடக்கத்துக்கு வேறு வேறு நாடுகளிலிருந்து அந்த விளையாட்டுக் கூட்டாளிகள் வந்து நின்றார்கள். அந்தத் தகப்பனாரின் நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பக்கத்து அறையில் மகன் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறான். நான் அப்பாவைப் பார்த்து "எல்லாமே பொய்" என்று சொன்னவன் அல்லவா?

அதே உலகத்தில் 2005 செப்டம்பரில் ஒரு கொள்ளைநோய் வந்தது. விளையாட்டின் ஒரு தனிப் பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய சாபம், நிரல் பிழையால் ஊர்களுக்குள் பரவிவிட்டது. சிலர் ஓடி ஓடிக் குணப்படுத்தினார்கள், சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நோய்ப் பரவலை ஆராய்கிறவர்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு 2007-இல் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். 2020-இல் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது நாம் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுரை ஏன் எழுதப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் திரைக்குள் நடக்கும் எல்லாவற்றையும் இதே தட்டில் வைக்க நான் தயாராக இல்லை. ஆன்லைன் ரம்மியை விளையாட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதில் அழிந்த குடும்பங்களை நாம் பார்த்துவிட்டோம். தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நாடாளுமன்றமும் தடை செய்தது. அங்கே போகிறவர் எதையும் வளர்க்கப் போவதில்லை, யாரையும் சந்திக்கப் போவதும் இல்லை. அந்தத் திரை அவருடைய பைக்குள் போட்ட கை.

அப்பாவின் விவசாயத்துக்கு வருகிறேன்.

2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. ஏரியா ஏரியாவாக நேரம் பிரித்து வைத்திருந்தார்கள். நோட்டில் இருக்கும் 'கரண்ட் இல்லை' எல்லாம் அந்த வருடத்தது. யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் அறுத்து முடிக்க வேண்டும் என்று அவர் பறக்கும்போது, "இரண்டு மணி நேரம் தள்ளினா ஒண்ணும் வாடாதுப்பா, விளையாட்டு அவ்வளவு கறார் கிடையாது" என்று சொன்னேன். "வெளஞ்சத நிக்க விடக் கூடாது தம்பி" என்றார். அந்த வருடம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையும் திறக்கவில்லை. செய்தி பார்த்துவிட்டு வந்து நோட்டில் "மேட்டூர் இல்லை. ஊரில் குறுவை இல்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வரி: "மாலை 4.20 நெல்." இரண்டையும் ஒரே பேனாவில், ஒரே அளவு எழுத்தில்.

ஃபார்ம்வில்லில் பக்கத்து நிலக்காரர்கள் வேண்டும். அவர்கள் வந்து நம் பயிருக்கு உரம் போடுவார்கள், நாம் அவர்கள் பயிருக்குப் போட வேண்டும். அப்பாவின் அக்கம்பக்கத்தில் தங்கை, அவள் தோழிகள், ஐசிஎஃப் நண்பரின் மகன் என்று முதலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அப்புறம் எங்கிருந்தோ ஈப்போ அக்கா வந்து சேர்ந்தார். மலேசியாவில் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவருக்கு ஈப்போ அக்கா என்றுதான் பெயர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தோம் அண்ணே, எங்களுக்கென்று ஒரு பாத்திகூட இல்லை" என்று ஒருமுறை அப்பாவுக்கு எழுதியிருந்தார். அவருடைய நிலம் முழுக்கப் பூவாக இருக்கும்.

2014-இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எட்டு நாள் மருத்துவமனை. இரண்டாவது நாள் கண் விழித்ததும் அம்மாவைக் கேட்டார், என்னைக் கேட்டார், பிறகு மெதுவாக, "தம்பி, நெல்லு நிக்குது" என்றார். கடவுச்சொல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அன்று ராத்திரி பதினொரு மணிக்கு வில்லிவாக்கத்தில் தனியாக உட்கார்ந்து அறுத்தேன். ஒரு பாத்திக்கு ஒரு க்ளிக். அப்புறம் உழவு, அதற்கு ஒரு க்ளிக். விதை, இன்னொரு க்ளிக். டிராக்டர் வாங்கும் வசதி இருந்தும் அப்பா வாங்கவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. தெற்கே வாய்க்காலைத் தாண்டும்போது கை தானாக விலகிப் போனதைக் கவனித்தேன்.

உள்ளே நுழைந்தபோதே பரிசுப் பெட்டி நிறைந்திருந்தது. பெரும்பாலும் ஈப்போ அக்கா அனுப்பியது. கூடவே ஒரு செய்தி: "அண்ணே, இரண்டு நாளாக ஆளைக் காணோம். உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?" எங்கள் தெருவில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். அந்த இரண்டு நாளில் அப்பா எங்கே என்று கேட்டவர் இஸ்திரிக்காரரும் இந்த அக்காவும்தான்.

வருடங்கள் போகப் போக விளையாட்டின் மவுசு குறைந்தது. ஊரே வாட்ஸ்அப்புக்கும் கைப்பேசி விளையாட்டுக்கும் போய்விட்டது. என் அக்கா மகன் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "டேய், என்னைத் தூக்குடா" என்று தூத்துக்குடிப் பையன் ஒருவனிடம் கத்திக்கொண்டிருந்தான். அப்பாவைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தரிசாகக் கிடந்தது. என் தங்கையின் நிலத்தில் 2011-இல் வாடிய தக்காளி அப்படியே நின்றது. அப்பாவும் ஈப்போ அக்காவும் மட்டும் உழுதுகொண்டிருந்தார்கள்.

2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்தது. எங்கள் பக்கத்துத் தென்னை அத்தனையும் போயிற்று என்று சொன்னால் மிகையில்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, எங்கு பார்த்தாலும் வேரோடு சாய்ந்து கிடந்தன. இரண்டு நாள் சித்தப்பாவுக்குப் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. வீட்டு ஓடு போயிற்று, மாடு பிழைத்தது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: களத்துமேட்டு நிலத்தில் ஐந்தில் மூன்று தென்னை விழுந்துவிட்டது. சாய்ந்து நிற்குமே, அதுவும்தான்.

விற்று இருபது வருடம் ஆன நிலம். அப்பா போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டார். நானும் அம்மாவும் கூடத்தில் இருந்தோம். மனிதர் மனசு ஆறட்டும், அங்கேயாவது மரம் நிற்கிறதே, பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் மூன்று தென்னையையும் எடுத்துவிட்டார்.

முதல் மரத்தைத் தொட்டதும் நிஜமாகவே எடுக்க வேண்டுமா என்று அந்த விளையாட்டு கேட்டது. ஆமாம். இரண்டாவது. ஆமாம். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அம்மாவால் தாங்க முடியவில்லை. "ஏங்க, அதுவாவது நிக்கட்டுமே?"

"விழுந்தத விழலைன்னு எப்படி வச்சுக்கிறது?" என்றார்.

அந்த இடத்தில் அவர் புதிதாக எதுவும் வைக்கவில்லை. கடைசிவரை மூன்று வெற்றிடம்.

நிஜத்திலிருந்து தப்பி ஓடத்தான் இந்த உலகங்கள் என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது இந்த ராத்திரிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அப்பா தப்பவில்லை. ஊரில் அடித்த புயலை இங்கேயும் அடிக்க விட்டார். சென்னையில் இருந்துகொண்டு அந்த மண்ணுக்காக அவரால் செய்ய முடிந்த ஒரே வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

2020-இல் அறிவிப்பு வந்தது. ஃபார்ம்வில் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் ஓடியது. அந்த வருடக் கடைசியோடு ஃப்ளாஷையே நிறுத்துகிறார்கள், ஆகவே ஃபேஸ்புக்கில் இருந்த இந்த விளையாட்டும் டிசம்பர் 31-உடன் முடிகிறது. மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லித்தான் மூடினார்கள். எனக்குத்தான் பதற்றம். படமாக எடுத்து வைக்கலாமா, வேறு எங்காவது மாற்ற முடியுமா என்று தேடினேன். பத்து வருடம் உழுத நிலத்துக்கு ஒரு பட்டா கிடையாது, அடங்கலில் பெயர் கிடையாது. அவர்கள் சர்வரை நிறுத்தினால் மண்ணே இல்லை. இந்த உலகங்களைப் பற்றி எனக்கு இருக்கும் உண்மையான பயமும் இதுதான். அங்கே செலவாகிற உழைப்பும் அன்பும் நம்முடையவை, தரை மட்டும் நம்முடையது இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது, "குத்தகை நெலம்தான தம்பி. கெடு முடிஞ்சா விட்டுக் குடுத்துட்டு வரணும்" என்றார்.

டிசம்பர் 30 இரவு நெல் போட்டார். நோட்டில் இருக்கிறது: "இரவு 10.40 நெல்." மறுநாள் காலை பதினொரு மணிக்கு அறுக்க உட்கார்ந்தார். வயது எழுபது. மவுஸ் பிடித்த கை லேசாக நடுங்கும். ஒவ்வொரு பாத்தியாக அறுத்தார். அறுத்து முடித்ததும் எழுந்துவிடுவார் என்று பார்த்தால், முதல் பாத்தியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். உழவு. விதை போடவில்லை. ஆறு மாவையும் உழுது, புழுதியாகப் போட்டார்.

நோட்டில் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. பத்து வருடமாக எழுத்திலேயே பேசிக்கொண்டிருந்தவர்கள், அன்றுதான் முதல்முறையாகக் குரல் கேட்கிறார்கள். அப்பாவுக்கு எப்படி எடுப்பது என்று தெரியவில்லை, நான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, ஈப்போவிலேர்ந்து பேசுறேன். எல்லாத்தையும் அறுத்துட்டீங்களா?"

"அறுத்துட்டேம்மா" என்றார் அப்பா. "உழுதும் போட்டாச்சு."